மூச்சை எண்ணிவிட்டுக் கூப்பிடுங்கள்

பகலில் பிள்ளைக்கு மேல் சுட்டால் யாரும் அவ்வளவாகப் பயப்படுவதில்லை. பக்கத்து வீட்டு மதினி நெற்றியைத் தொட்டுப் பார்த்து, "சளிக் காய்ச்சல்தான், சாயந்திரம் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போ" என்று சொல்லிவிட்டுப் போவார். ஊர் அடங்கிய பிறகு அதே காய்ச்சல் வேறு முகம் காட்டும். கோவில்பட்டிக்குக் கிழக்கே கரிசல் காட்டு ஊர்களில் நான் கிராம சுகாதாரச் செவிலியர். கர்ப்பிணிகளைப் பதிவு செய்வது, புதன்கிழமை தடுப்பூசி போடுவது, பிறந்த பிள்ளையை வீடு தேடிப் போய்ப் பார்ப்பது எல்லாம் பதிவேட்டில் ஏறும் வேலைகள். எந்தப் பதிவேட்டிலும் ஏறாத வேலை ஒன்று உண்டு. ராத்திரியில் போன் அடித்தால் எடுத்துப் பேசுவது.

வேலைக்குச் சேர்ந்த புதிதில் யார் கையிலும் போன் கிடையாது. துணை சுகாதார நிலையத்தை ஒட்டிய குடியிருப்பில்தான் இருந்தேன். யாராவது சைக்கிளில் வந்து கதவைத் தட்டுவார்கள். அதற்குள் வீட்டுப் பெரியவள் விபூதி போட்டு, மந்திரித்து, வசம்பை உரசித் தடவி, எல்லாம் முடித்திருப்பாள். இப்போது அந்தப் பெரியவள் இருந்த இடத்தில் போன் இருக்கிறது. என்னைக் கூப்பிடுவதற்கு முன்பே அந்தப் பெண் யூடியூபில் பார்த்திருப்பாள், சொந்தக்காரர்களின் வாட்ஸ்அப் குழுவில் போட்டோ போட்டிருப்பாள், இன்ஸ்டாகிராமில் பிள்ளை வளர்ப்புப் பற்றிப் பேசும் யாரோ ஒருத்திக்குச் செய்தி அனுப்பியிருப்பாள். காய்ச்சல் எத்தனை நாளாக இருக்கிறது என்று அவள் பேச்சைத் தொடங்குவதில்லை. "அக்கா, இது மூளைக் காய்ச்சலா?" என்றுதான் தொடங்குவாள்.

இதற்காக நான் யாரையும் கோபித்ததில்லை. எங்கள் பக்கம் மாமியார் தீப்பெட்டி ஆபீஸ் வேனில் விடியும் முன்பே ஏறிவிடுவார். கணவன் திருப்பூரிலோ வளைகுடாவிலோ இருப்பான். தாய் வீடு இரண்டு பஸ் மாறிப் போகிற தூரம். இருபத்திரண்டு வயதுப் பெண் ஒருத்தி, வாய் பேசத் தெரியாத ஒரு பிள்ளையோடு ஓட்டு வீட்டுக்குள் தனியாக இருக்கிறாள். ராத்திரி இரண்டு மணிக்கு அவள் கேள்விக்குப் பதில் சொல்ல விழித்திருப்பது அந்தப் போன் மட்டுந்தான். அதைத் தொடாதே என்று சொல்ல எனக்கு மனசு வராது. திரையில் பார்க்கிறதைவிடப் பிள்ளையிடம் பார்க்க வேண்டியது நிறைய இருக்கிறது என்று சொல்லிக் கொடுக்கத்தான் இத்தனை வருடமாகப் பாடுபடுகிறேன்.

பயங்களிலேயே பெரிய பயம் வலிப்பு. ஒன்றரை வயதுப் பையன் ஒருவனுக்கு இரண்டாம் நாள் காய்ச்சலில் வலிப்பு வந்தபோது, நான் அடுத்த தெருவில் ஒரு பிரசவித்த பெண்ணைப் பார்த்துக்கொண்டிருந்தேன். கூப்பாடு கேட்டு ஓடினேன். கண் மேலே செருகியிருந்தது. கையும் காலும் வெட்டி வெட்டி இழுத்தன, வாயோரம் நுரை. ஒருவர் பிள்ளையின் கைக்குள் சாவிக் கொத்தைத் திணித்துக்கொண்டிருந்தார். இன்னொருவர் பல்லுக்கிடையில் கரண்டியை வைக்கப் போனார். தாய் பிள்ளையைத் தூக்கி உலுக்கிக்கொண்டிருந்தாள். வாசலில் ஒரு இளவட்டம் போனைத் தூக்கிப் பிடித்துப் படம் எடுத்துக்கொண்டிருந்தான்.

கரண்டியை வாங்கி எறிந்தேன். பிள்ளையைப் பாயில் இடது பக்கமாக ஒருக்களித்துப் படுக்க வைத்தோம். சுற்றி நின்ற கூட்டத்தை விலக்கி, அரைஞாணையும் சட்டையையும் தளர்த்தி, வாயோரம் வழிந்ததைத் துணியால் துடைத்துவிட்டோம். செய்ய வேண்டியது அவ்வளவுதான். காய்ச்சல் வலிப்பு பெரும்பாலும் ஐந்து நிமிடத்துக்குள் தானாகவே நின்றுவிடும். இவனுக்கும் நின்றது. ஐந்து நிமிடம் தாண்டினாலும், நின்ற பிறகு பிள்ளை நினைவுக்குத் திரும்பாவிட்டாலும், 108ஐக் கூப்பிடத் தயங்கக் கூடாது. முதல் தடவை வலிப்பு வந்த பிள்ளையை, நின்றுவிட்டாலும் சரி, அன்றைக்கே மருத்துவரிடம் காட்டிவிட வேண்டும். மூளைக் காய்ச்சல் இல்லை என்று அவர் பார்த்துச் சொல்லட்டும்.

வாசலில் நின்று படம் எடுத்த பையனை அந்தத் தெருவே திட்டியது. கோவில்பட்டி அரசு மருத்துவமனையில் குழந்தை மருத்துவர் முதலில் கேட்ட கேள்விகளோ இவை: எவ்வளவு நேரம் இழுத்தது? இரண்டு பக்கமும் ஒன்றுபோல இழுத்ததா, ஒரு பக்கம் மட்டுமா? தாய்க்கு எதுவும் நினைவில் இல்லை. ஒரு மணி நேரம் என்றாள். அந்தப் பையனின் போனில் எல்லாம் இருந்தது. இரண்டு கையும் இரண்டு காலும் ஒன்றுபோல் இழுத்தன, மொத்தமே இரண்டு நிமிடத்துக்குள். மருத்துவர் அதை இரண்டு தடவை ஓடவிட்டுப் பார்த்துவிட்டு, "பயப்பட ஒண்ணுமில்லம்மா" என்றார். அந்தப் பையனிடம் நான் போய்ச் சொன்னேன், "தம்பி, நீ எடுத்த படம்தான் இன்னைக்கு டாக்டருக்கு உதவுச்சு. ஆனா அதை வேற யாருக்கும் அனுப்பாத. இப்பவே அழிச்சிரு." என் கண் முன்னாலேயே அழித்தான்.

அன்றிலிருந்து தாய்மார் கூட்டத்தில் இதைத் தவறாமல் சொல்கிறேன். வலிப்பு வந்தால் ஒரு ஆள் பிள்ளையை ஒருக்களித்துப் படுக்க வைக்கட்டும். இன்னொரு ஆள் மணி பார்க்கட்டும். முடிந்தால் படம் எடுக்கட்டும். அந்தப் படம் மருத்துவர் ஒருவருக்கு மட்டுந்தான். குழுவுக்கும் வேண்டாம், ஸ்டேட்டஸுக்கும் வேண்டாம். நுரை தள்ளிக் கிடக்கிற கோலத்தில் ஒரு பிள்ளையின் படம் ஊரெல்லாம் சுற்றினால், அவன் பெரியவனாகும் வரை அது சுற்றிக்கொண்டே இருக்கும்.

அந்தத் தாய் ஒரு கேள்வியை விடாமல் கேட்டுக்கொண்டே இருந்தாள். "நேரத்துக்கு மருந்து கொடுத்திருந்தா வந்திருக்காதோக்கா?" இன்ஸ்டாகிராமில் யாரோ, காய்ச்சல் மருந்தைச் சரியாகக் கொடுக்காததால்தான் வலிப்பு வருகிறது என்று பேசியிருந்தார்களாம். அது தவறு. பாராசிட்டமால் பிள்ளையின் உடம்பு வலியைக் குறைக்கும், அவனைக் கொஞ்சம் தெம்பாக்கும். வலிப்பை அது தடுப்பதில்லை என்று ஆய்வுகள் திரும்பத் திரும்பக் காட்டியிருக்கின்றன. ஆறு மாதத்திலிருந்து ஐந்து வயது வரைக்கும் நூற்றில் இரண்டு முதல் ஐந்து பிள்ளைகளுக்குக் காய்ச்சலோடு வலிப்பு வரும். அவர்களில் மூன்றில் ஒருவருக்கு மறுபடியும் வரலாம். வளர வளர நின்றுவிடும். மூளையை அது பாதிப்பதில்லை. இதையெல்லாம் அவளிடம் ஒரே நாளில் சொல்ல முடியவில்லை. பல தடவை போய் உட்கார்ந்து சொன்னேன். தப்பு தன்னுடையது என்று நம்புகிற தாய், அடுத்த காய்ச்சலில் அளவு பார்க்காமல் மருந்தை ஊற்றிவிடுவாள். நான் திரும்பத் திரும்பப் போனதற்கு அந்தப் பயமும் ஒரு காரணம்.

அளவு என்றதும் சொல்ல வேண்டிய முக்கியமான சங்கதி ஒன்று இருக்கிறது. "காய்ச்சலுக்கு அஞ்சு எம்எல் குடு" என்று வாட்ஸ்அப்பில் சொல்கிற சித்திக்கு, எந்த பாட்டிலில் ஐந்து என்று தெரியாது. பாராசிட்டமால் கடையில் பல வீரியத்தில் கிடைக்கிறது. சொட்டு மருந்தில் ஒரு மில்லியில் 100 மில்லிகிராம். சிரப்பில் ஐந்து மில்லியில் 125 அல்லது 250. பத்துக் கிலோ எடையுள்ள பிள்ளைக்கு ஒரு தடவைக்கு 150 மில்லிகிராம் போதும். அது சொட்டு மருந்தில் ஒன்றரை மில்லி, 250 சிரப்பில் மூன்று மில்லி, 125 சிரப்பில் ஆறு மில்லி. சித்தி சொன்ன ஐந்தைச் சொட்டு மருந்தில் கொடுத்தால் 500 மில்லிகிராம் உள்ளே போய்விடும். இப்படி நாலு வேளை போனால் ஈரலுக்கு ஆபத்து. அதனால் என்னைக் கூப்பிடுகிறவர்களிடம் பாட்டிலின் லேபிளைப் படம் எடுத்து அனுப்பச் சொல்வேன். தடுப்பூசி அட்டையில் கடைசியாக எழுதின எடையைக் கேட்பேன். மில்லிக் கணக்கு அதற்குப் பிறகுதான்.

வாட்ஸ்அப் என்ன செய்யும் என்பதை நாங்கள் முழுசாகத் தெரிந்துகொண்டது 2017இல். அந்த பிப்ரவரியில் தமிழ்நாடு, கர்நாடகம், புதுச்சேரி, கோவா, லட்சத்தீவு ஆகிய இடங்களில் தட்டம்மை - ரூபெல்லா தடுப்பூசி முகாம் தொடங்கியது. ஒன்பது மாதத்திலிருந்து பதினைந்து வயது வரை எல்லாருக்கும். தமிழ்நாட்டில் மட்டும் ஏறத்தாழ 1.76 கோடிப் பிள்ளைகள் இலக்கு. பள்ளிக்கூடங்களில் போடுவதாக ஏற்பாடு. முகாம் தொடங்குவதற்கு முன்பே ஆடியோக்கள் வர ஆரம்பித்தன. அழுகிற குரலில் ஒரு பெண், அதட்டுகிற குரலில் ஒரு ஆண். இந்த ஊசி போட்டால் பின்னால் பிள்ளை பிறக்காது, வெளிநாட்டுக்காரன் நம் பிள்ளைகளை வைத்துச் சோதனை செய்கிறான், போட்ட இடத்தில் பிள்ளைகள் மயங்கி விழுகிறார்கள். பேசியது யார், எந்த ஊர், எதுவும் கிடையாது. "உங்கள் பிள்ளையை நேசித்தால் பத்துப் பேருக்கு அனுப்புங்கள்" என்று முடியும்.

எங்கள் பள்ளிக்கூடம் ஒன்றில் ஊசி போடப் போன அன்றைக்குப் பாதி பிள்ளைகள் வரவில்லை. வந்த பிள்ளைகளைக் கூட்டிப் போகப் பெற்றோர் ஓட்டமாக வந்தார்கள். வருடக்கணக்காக என் கையால் ஊசி போட்டுக்கொண்ட குடும்பங்கள் அவை. ஒரு அப்பா என் கையைப் பிடித்துக்கொண்டு, "உங்களைச் சந்தேகப்படல சிஸ்டர், உங்களுக்கே தெரியாம எதையோ குடுத்து விட்டிருக்காங்க" என்றார். அந்த வார்த்தை என்னை உலுக்கிவிட்டது. நான் தலைமையாசிரியரின் அறையில் என் மகளை உட்கார வைத்து, எல்லாரும் பார்க்க அவளுக்கு முதலில் போட்டேன். பிறகு வீடு வீடாகப் போனேன். ரூபெல்லா ஏன் என்று சொன்னேன். கர்ப்பிணிக்கு வந்தால் அவளுக்கு லேசான காய்ச்சல், தடிப்பு, அவ்வளவுதான். வயிற்றுப் பிள்ளைக்குக் கண்ணில் புரை விழலாம், காது கேட்காமல் போகலாம், இதயத்தில் ஓட்டை விழலாம். இன்றைக்கு ஊசி போட்டுக்கொள்கிற இந்தச் சிறுமிதான் நாளைக்கு அந்தக் கர்ப்பிணி. இந்த விளக்கத்துக்குத்தான் அம்மாக்கள் இறங்கி வந்தார்கள். பிப்ரவரியோடு முடிய வேண்டிய முகாம் மார்ச்சுக்கும் நீண்டது.

அடுத்த வருடம் இன்னும் மோசம். பிள்ளை பிடிக்கிற கும்பல் சுற்றுகிறது என்று படங்கள் பரவின. 2018 மே மாதம் திருவண்ணாமலை மாவட்டம் போளூர் பக்கம், கோயிலுக்கு வந்த இடத்தில் பிள்ளைகளுக்கு மிட்டாய் கொடுத்த ஒரு மூதாட்டியைப் பிள்ளை பிடிக்கிறவள் என்று நினைத்து அடித்தே கொன்றுவிட்டார்கள். நாங்களெல்லாம் தெரியாத ஊரில், தெரியாத பிள்ளைகளைக் கூப்பிட்டுப் பேசுகிற வேலையில் இருக்கிறவர்கள். கொஞ்ச நாள் அடையாள அட்டையை வெளியே தெரிய மாட்டிக்கொண்டு, ஊர்ப் பெரியவர் ஒருவரைக் கூட வைத்துக்கொண்டுதான் தெருவுக்குள் போனோம். பிள்ளை மேல் இருக்கிற பாசம் பயமாகத் திரும்பினால் எதுவரை போகும் என்பதற்கு அதைவிடச் சாட்சி வேண்டாம்.

இதையெல்லாம் கேட்டுவிட்டு, போனில் வருவது எல்லாமே பொய் என்று ஒரேயடியாகச் சொல்லிவிட முடியுமா? முடியாது. 2025 அக்டோபரில் வந்த செய்தி உண்மை. மத்தியப் பிரதேசத்தின் சிந்த்வாராவில் இருமல் சிரப் குடித்து, சிறுநீரகம் செயலிழந்து, இருபதுக்கும் மேற்பட்ட குழந்தைகள் இறந்தார்கள். அந்த மருந்து தயாரானது நம்முடைய காஞ்சிபுரம் மாவட்டத்தில். தமிழ்நாட்டு மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை சோதித்துப் பார்த்ததில் 48.6 சதவீதம் டைஎத்திலீன் கிளைகால் என்ற விஷம் இருந்தது. என் ஊர்ப் பெண்களுக்கு அந்தச் செய்தி வந்து சேர்ந்ததும் வாட்ஸ்அப்பில்தான். அந்த வாரம் முழுக்கப் போன். "அக்கா, எங்க வீட்ல இருக்கிற பாட்டில் அதுதானா?" சிலர் பயத்தில் வீட்டிலிருந்த பாராசிட்டமாலையும் சேர்த்துக் குப்பையில் கொட்டிவிட்டார்கள்.

அவர்களிடம் நான் சொன்னது, இருமல் மருந்தே வேண்டாம் என்பதுதான். அதே அக்டோபரில் மத்திய சுகாதாரத் துறையும், இரண்டு வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்கு இருமல், சளி மருந்து எழுதவே கூடாது, ஐந்து வயதுக்குட்பட்டவர்களுக்கும் பொதுவாகத் தேவையில்லை என்று அறிவுறுத்தியது. சாதாரண சளி இருமல் தானாகவே சரியாகும். மூக்கில் உப்புநீர்ச் சொட்டு, நிறையத் தாய்ப்பால், வெதுவெதுப்பான தண்ணீர், அவ்வளவு போதும். ஆனால் கையில் ஒரு பாட்டில் இல்லாமல் ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பி வந்தால் வீட்டில் பேச்சு விழும் என்று பயப்படுகிறாள் மருமகள். அந்தப் பயத்துக்கும் நான்தான் போய் மாமியாரிடம் பேச வேண்டியிருக்கிறது.

அதே மாதம் இன்னொரு நல்லதும் நடந்தது. பெட்டியில் அடைத்த சர்க்கரைப் பானங்கள் ஓ.ஆர்.எஸ். என்ற பெயரோடு மருந்துக் கடைகளில் விற்றுக்கொண்டிருந்தன. ஹைதராபாத்தில் குழந்தை மருத்துவர் சிவரஞ்சனி சந்தோஷ் பல வருடம் இதை எதிர்த்துப் போராடினார். கடைசியில் உணவுப் பாதுகாப்பு ஆணையம் அந்தப் பெயரைப் போடக் கூடாது என்று உத்தரவிட்டது. வயிற்றுப்போக்கில் சுருண்டு கிடக்கிற பிள்ளைக்கு அந்தப் பானத்தைக் கொடுத்தால், சர்க்கரை அதிகமாகிப் போக்கு இன்னும் கூடும். உண்மையான பொட்டலத்தில் 20.5 கிராம் பொடி இருக்கும். ஒரு லிட்டர் தண்ணீரில் முழுசாகக் கரைக்க வேண்டும். பாதிப் பொட்டலத்தை ஒரு டம்ளரில் கலக்கிவிட்டு மீதியை மடித்து வைக்கிற பழக்கம் இன்னும் இருக்கிறது. கூடவே துத்தநாக மாத்திரை பதினாலு நாள். போக்கு மூன்றாம் நாளே நின்றாலும் பதினாலு நாளும் கொடுக்க வேண்டும்.

எனக்கு மனசு கனத்துப் போகிற விஷயம் வேறு. முந்தின தலைமுறையில் நாங்கள் கெஞ்சிப் பேசி நிறுத்தின பழக்கங்கள், இப்போது ரீல்ஸ் வழியாகத் திரும்பி வருகின்றன. பிறந்த பிள்ளையைக் குளிப்பாட்டும்போது மூக்கில் எண்ணெய் விடுவது, காதில் ஊதுவது, தலையை அமுக்கி உருட்டுவது, மூக்கை இழுத்து நீட்டுவது, மார்க்காம்பைப் பிதுக்குவது. பிறந்ததும் தேனில் சேனை தொட்டு வைப்பது. எங்கள் ஊர்ப் பாட்டிகளே விட்டுவிட்டார்கள். நல்ல வெளிச்சத்தில், இனிமையான பாட்டுப் பின்னணியில், பாரம்பரியக் குளியல் என்று பெயர் வைத்து வருகிற வீடியோவைப் பேத்திகள் பார்க்கிறார்கள். மூக்கில் விட்ட எண்ணெய் நுரையீரலுக்குள் இறங்கினால் நிமோனியா வரும். ஒரு வயதுக்குள் தேன் கொடுத்தால் பொட்டுலிசம் என்ற நச்சு நோய் வரலாம். ஒரு பிரசவித்த பெண்ணின் வீட்டில் அந்த வீடியோவை நிறுத்தச் சொன்னது அவளுடைய எண்பது வயது ஆச்சிதான். "எங்க காலத்துல இப்பிடிச் செஞ்சி எத்தனையோ பிள்ளைகளுக்கு மூச்சு முட்டியிருக்கு தாயி, நர்சம்மா சொல்லித்தான் விட்டோம்" என்றார். அந்த ஆச்சியை அடுத்த தாய்மார் கூட்டத்துக்குக் கூட்டிப் போய்ப் பேச வைத்தேன். என் பேச்சைவிட அவர் பேச்சு எடுபட்டது.

பிள்ளைகள் கையில் போன் போவது பற்றி நிறையக் கேட்கிறார்கள். எங்கள் ஊர்களில் அது சோற்றோடு தொடங்குகிறது. எட்டு மாதத்தில் இணை உணவு ஊட்டும்போது பிள்ளை முகத்தைத் திருப்பும். போனில் பாட்டு வைத்தால் வாய் தானாகத் திறக்கும். கிண்ணம் காலியாகும். தாய்க்கு நிம்மதி. ஒரு மாதத்தில் பாட்டு இல்லாமல் வாய் திறக்காது. அந்தப் பிள்ளை சாப்பிடவில்லை. அதன் வாய்க்குள் சோறு போகிறது, அவ்வளவுதான். வயிறு நிறைந்தது அதற்கே தெரியாது. சவைக்காமல் விழுங்குவதால் புரையேறும் ஆபத்து வேறு.

உலக சுகாதார நிறுவனம் 2019இல் சொன்னது: இரண்டு வயது வரை திரையே வேண்டாம், இரண்டிலிருந்து நாலு வயது வரை ஒரு நாளைக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் வேண்டாம். இந்தியக் குழந்தை மருத்துவர்கள் சங்கமும் கிட்டத்தட்ட அதையே சொல்கிறது; இரண்டு வயதுக்குள் சொந்தக்காரர்களோடு வீடியோ கால் பேசலாம் என்கிறது. இந்த விதியை எழுதி ஒட்டுவது எளிது. ஒரு கையில் குச்சி அடைக்கிற வேலையும் மறு கையில் பிள்ளையுமாக இருக்கிறவளிடம் போய், போனைப் பிடுங்கிவிடு என்றால் அவள் என்ன செய்வாள்? அதனால் நான் ஒரு வேளையிலிருந்து தொடங்கச் சொல்வேன். மத்தியானச் சோறு மட்டும் போன் இல்லாமல். திண்ணையில் உட்கார வைத்து, தட்டில் அவன் கையாலேயே எடுக்கும்படி நெய்ச் சோறும் பருப்பும். சிந்தினால் சிந்தட்டும். முதல் மூன்று நாள் அழுவான், குறைவாகச் சாப்பிடுவான். பசியில் எந்தப் பிள்ளையும் தன்னைப் பட்டினி போட்டுக்கொள்ளாது. ஒரு வேளை பழகிய பிறகு அடுத்த வேளை.

இரண்டு வயதாகியும் பேச்சு வரவில்லை என்று வருகிற பிள்ளைகள் கூடியிருக்கிறார்கள் என்பது என் கண் கண்டது. சில வீடுகளில் போனைக் குறைத்து, ஆள் முகம் பார்த்துப் பேச ஆரம்பித்ததும் வார்த்தைகள் வந்தன. ஆனால் எல்லாப் பிள்ளைக்கும் காரணம் போன் இல்லை. காது கேட்காத பிள்ளையும் பேசாது. ஆட்டிசம் உள்ள பிள்ளையும் பேசாமல் இருக்கலாம். அது போன் பார்த்து வருவதில்லை. பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்புகிறதா, கண்ணைப் பார்க்கிறதா, வேண்டியதைக் கை காட்டுகிறதா என்று பார்க்கச் சொல்வேன். இல்லையென்றால் அங்கன்வாடிக்கு வரும் சிறார் நலக் குழுவிடம் காட்டி, மாவட்ட ஆரம்ப இடையீட்டு மையத்துக்கு அனுப்பிவிடுவோம். முதலில் காது பரிசோதனை. "நான் போன் குடுத்ததாலதான் பிள்ளை இப்பிடி ஆயிட்டான்" என்று அழுத ஒரு பெண்ணின் மகனுக்குக் காதில்தான் குறை இருந்தது. கருவி மாட்டிய பிறகு அம்மா என்று கூப்பிட்டான்.

கடைசியாக மூச்சு. சளி இருமலோடு வருகிற பிள்ளைக்கு நிமோனியா இருக்கிறதா என்று பார்க்க எங்களுக்குப் பயிற்சியில் முதலில் சொல்லிக் கொடுத்தது, ஒரு முழு நிமிடம் மூச்சை எண்ணுவது. பிள்ளை அழாமல், பால் குடிக்காமல் அமைதியாக இருக்கும்போது சட்டையைத் தூக்கி, வயிறு ஏறி இறங்குவதை எண்ண வேண்டும். இரண்டு மாதத்துக்குள் 60, ஒரு வயதுக்குள் 50, ஐந்து வயதுக்குள் 40. அந்த எண்ணைத் தொட்டாலோ தாண்டினாலோ வேகமூச்சு. மூச்சு இழுக்கும்போது விலாவுக்குக் கீழே குழி விழுந்தால் எண்ணிக்கொண்டிருக்கவே வேண்டாம், ஆஸ்பத்திரி. பால் குடிக்க முடியாவிட்டாலும், குடித்ததெல்லாம் வாந்தியானாலும், வலிப்பு வந்தாலும், எழுப்பினால் எழாமல் துவண்டு கிடந்தாலும் அப்படித்தான். இதை எதற்கு நர்ஸ்கள் மட்டும் தெரிந்து வைத்திருக்க வேண்டும்? எல்லார் போனிலும் கடிகாரம் இருக்கிறதே. வீடு வீடாகப் போய், தூங்குகிற பிள்ளையின் வயிற்றைக் காட்டி எண்ணப் பழக்கினேன். ராத்திரி கூப்பிடுவதற்கு முன் எண்ணிவிட்டுக் கூப்பிடுங்கள் என்றேன். நான் கிடைக்காவிட்டால் 104 சுகாதார உதவி எண்.

இந்த மார்கழியில் ஒரு ராத்திரி வந்த அழைப்பு, மஸ்கட்டில் இருக்கிற ஒரு தகப்பனுடையது. முன்பெல்லாம் அவன் கூப்பிட்டால், "ஊசி ஏன் போடல, பெரிய ஆஸ்பத்திரிக்கு ஏன் கூட்டிட்டுப் போகல" என்று மனைவியிடம் கத்திவிட்டு என்னிடமும் கத்துவான். தூரத்தில் இருக்கிறவனுக்குக் கத்துவதைத் தவிர வேறு வழியில்லை என்பதைப் புரிந்துகொள்ள எனக்கே நாளாயிற்று. அவன் மனைவிக்கு எண்ணக் கற்றுக் கொடுத்தபோது, வீடியோ காலில் அவனையும் கூட வைத்துக்கொண்டேன். போனைப் பிள்ளையின் வயிற்றுக்கு நேராக அவள் பிடிக்க, அங்கிருந்து அவன் எண்ணினான். இரண்டு பேரும் ஒரே எண்ணைச் சொன்னார்கள்.

அன்றைக்கு ராத்திரி அவன் சொன்னான், "சிஸ்டர், பாப்பாவுக்கு இருமல். நானும் அவளும் தனித்தனியா எண்ணினோம். எனக்கு 46, அவளுக்கு 44. குழி விழல. பால் குடிச்சா."

"பாப்பாவுக்கு இப்ப பத்து மாசந்தானே?"

"ஆமா சிஸ்டர்."

"அப்ப இது வேகமூச்சு இல்ல. ரெண்டு மணி நேரம் கழிச்சு மறுபடி எண்ணச் சொல்லுங்க. 50 ஆச்சுன்னா, இல்ல குழி விழுந்துச்சுன்னா, விடியட்டும்னு இருக்க வேண்டாம், 108ஐக் கூப்பிடச் சொல்லுங்க. இல்லன்னா காலையில ஆரம்ப சுகாதார நிலையத்துக்குக் கூட்டிட்டு வரட்டும், நான் அங்கதான் இருப்பேன்."

"சரி சிஸ்டர். நானும் முழிச்சிருந்து அவளுக்கு மணி சொல்றேன்."